முதுகில் வளர்ந்த தாடை

மாணவர்களே, கையெலும்பு முறிந்தால் கட்டுப் போட்டு வைக்கிறோம். சில வாரங்களில் அது தானே கூடிவிடுகிறது. ஆனால், புற்றுநோயின் பொருட்டுத் தாடையெலும்பில் நான்கு விரற்கடை அளவு அறுத்து நீக்க நேர்ந்தால், அவ்வளவு பெரிய இடைவெளியை எலும்பு தானே நிரப்பிக்கொள்வதில்லை. முகம் கோணுகிறது, பேச்சுக் குழறுகிறது, உணவு கஞ்சியளவில் நின்றுவிடுகிறது.

காலெலும்பில் ஒரு துண்டை வெட்டியெடுத்து முகத்தில் பொருத்துவது மருத்துவர் கையாண்டுவரும் முறை. நல்ல முறைதான், எனினும், ஒரு சுவரை எழுப்ப மற்றொரு சுவரை இடிப்பது போன்றது அது.

ஜெர்மனியின் கீல் நகரில் 56 வயதுடைய ஒருவர் இருந்தார். புற்றுநோயால் தாடையின் ஒரு பகுதியை இழந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவராதலால், வேறோர் எலும்பை வெட்டினால் குருதிப்பெருக்கு நேருமென்று அஞ்சினர். வார்ன்கே என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் செய்ததை 2004-இல் வெளியிட்டனர்.

நோயாளியின் தலையைக் கதிர்ப்படம் எடுத்து, கணிப்பொறியின் துணையால், இழந்த பகுதியின் வடிவில் டைட்டானியக் கம்பிவலைக் கூடு ஒன்று செய்தனர். அதனுள், மாட்டெலும்பிலிருந்து உயிர்ப்பொருளை நீக்கி எடுத்த தாதுக் கட்டிகளை அடுக்கினர். அவரைக்கொடிக்குப் பந்தல் எப்படியோ, உயிரணுக்களுக்கு இக்கட்டிகள் அப்படி. அவற்றின்மேல் நோயாளியின் எலும்பு மஜ்ஜையையும், எலும்பைத் தோற்றுவிக்கும் புரதம் ஒன்றையும் சேர்த்தனர். அத்தகைய புரதங்களுக்கு வழிகாட்டியவர் அமெரிக்க மருத்துவர் யூரிஸ்ட்; தாது நீக்கிய எலும்பைத் தசையில் வைத்தால் அங்கே புது எலும்பு உண்டாவதை அவர் 1965-இலேயே எடுத்துக்காட்டினார்.

கூட்டை உடனே முகத்தில் வைத்தார்களா? இல்லை! வலப்புற முதுகுத் தசைக்குள் ஏழு வாரம் வைத்தார்கள். காரணம் குருதி. குருதி நாளம் ஓடாத இடத்தில் உயிரணு வாழாது. தசை அந்நாளங்களை ஈந்தது. பின்னர்த் தசையோடும் நாளங்களோடும் கூட்டைப் பெயர்த்துத் தாடையில் பொருத்தினர். நான்கு வாரங்கள் கழித்து அவர் ரொட்டியும் இறைச்சியும் உண்டார். பல் இல்லாததால் அவற்றைக் கத்தியால் நறுக்க வேண்டியிருக்கிறதே என்று மருத்துவர்களிடம் குறைப்பட்டுக்கொண்டாராம். குறைப்படும் அளவுக்கு நலம் பெற்றாரே என்று நான் மகிழ்ந்தேன்.

அவர் பின்னர் இதயம் நின்று இறந்தார். ஆயினும் அறிஞரிடையே ஒரு வினா எழுந்தது. மஜ்ஜையில் எலும்பாக மாறவல்ல குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள், மிகச் சிலவே உள்ளன. புரதமோ அண்டையிலுள்ள தசையின் அணுக்களையும் அழைத்து வேலை வாங்கும். அவ்வெலும்பைக் கட்டியவர் யார்?

பின்லாந்து மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளியின் கொழுப்பிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்து, ஆய்வுக்கூடத்தில் பெருக்கி, வயிற்றுத் தசையில் எட்டு மாதம் வளரவிட்டு, மேல்தாடையைச் சீரமைத்தனர். இட்ட அணு இன்னதென்று இம்முறை தெரியும். ஆனால், அவர்களும் புரதத்தைச் சேர்த்தே இட்டார்கள். ஆதலால் அந்த வழக்கு அங்கும் தீரவில்லை.