எண்ணெய் படிந்த மண்ணுக்கு எரு



நைஜீரியாவின் தெற்கே, நைஜர் ஆற்றுக் கழிமுகப் பகுதியில் ஒகோனி மக்களின் பூமி இருக்கிறது. மரவள்ளி விளைகிற மண். 1950-களின் இறுதியிலிருந்து அங்கே எண்ணெய் எடுத்தார்கள். குழாய்கள் கசிந்தும் உடைந்தும் கச்சா எண்ணெய் வயல்களில் பாய்ந்தது. 2011-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் வெளியிட்ட ஆய்வறிக்கை, அந்த வட்டாரம் முழுமையாக மீள 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்றது.

எண்ணெய் ஊறிய மண்ணில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். உள்ளே இறங்காமல் முத்து முத்தாகத் திரண்டு ஓடிவிடும். வேருக்கு நீரும் இல்லை, காற்றும் இல்லை.

ஆனால் எண்ணெயைத் தின்று செரிக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலேயே இருக்கின்றன. நம் விவசாயிகள் விதைநேர்த்திக்குப் பயன்படுத்தும் சூடோமோனாஸ் வகையிலும் அப்படிப்பட்டவை உண்டு. கச்சா எண்ணெயில் நூற்றுக்குச் சுமார் 85 பங்கு கரிச்சத்து; தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகக் குறைவு. எனவே அந்த நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை உறிஞ்சிக்கொள்ள, பயிர் மஞ்சளடித்து நிற்கும். அந்தக் குறையைத்தான் எரு தீர்க்கிறது. கோழி எருவில் தழைச்சத்து அதிகம் என்பதால் நைஜீரிய ஆய்வாளர்கள் பலர் அதை இட்டுச் சோதித்து, எண்ணெய் விரைவாகச் சிதைவதைக் கண்டிருக்கிறார்கள்.

செய்முறை எளிது; உழைப்பு அதிகம். முதலில் கசிவை அடைக்க வேண்டும். தேங்கிய எண்ணெயை வழித்தெடுக்க வேண்டும். பிறகு மட்கிய எருவை மேல்மண்ணோடு கலந்து, ஈரம் காயாமல், நீரும் தேங்காமல், காற்றுப் புக அடிக்கடி உழுது புரட்ட வேண்டும். ஒரு தொட்டியில் அந்த மண்ணை எடுத்து நாலு விதை போட்டால், முளைப்பைப் பார்த்தே மண் எவ்வளவு தேறியிருக்கிறது என்று ஓரளவு தெரியும். ஆனாலும் ஆய்வகத்தில் மண்ணைச் சோதிக்காமல் அதில் விளைந்ததை உண்ணக் கூடாது.

எருவின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. ஒகோனியில் பல இடங்களில் எண்ணெய் ஐந்து மீட்டர் ஆழம்வரை இறங்கியிருந்தது. மேல்மண்ணைப் புரட்டுவதால் அது போகாது. உழவும் எருவும் விவசாயி கையில் இருப்பவை. கசிவை நிறுத்துவதும் ஆழத்து மண்ணைச் சுத்தம் செய்வதும் எண்ணெய் எடுத்தவர்களின் கடமை. அந்தச் செலவை விவசாயியின் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.