கழிப்பதும் கழுவுவதும்

போகிக்கு முந்திய வாரத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் பரண் ஒழிக்கப்படுகின்றது. ஓட்டைக் குடம், கால் உடைந்த முக்காலி, கிழிந்த பாய் ஆகியவற்றின் தலைவிதி நொடியில் முடிவாகிவிடும். தோலுறைக்குள் கிடக்கும் பழைய கேமராவுக்குத் தீர்ப்புச் சொல்லத்தான் ஆள் இருப்பதில்லை. அதைக் கையில் எடுக்கும் இல்லத்தரசிக்கு அன்று கேஸ் சிலிண்டர் வரவேண்டும். மின்கட்டணத்திற்கு அன்றே கடைசி நாள். மாவு மில்லில் கொடுத்த மிளகாய் இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே கேமரா மீண்டும் பரணேறுகின்றது. இதனை நினைவின் வலிமை என்று கவிஞர்கள் பாடக்கூடும். பாதி, நேரமின்மைதான்.

அவ்வாறு பல வீடுகளில் தங்கிவிட்டது அக்ஃபா கிளிக் 3. பரோடாவில் உருவாகி இந்திய நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்த அந்த எளிய பெட்டி, 120 எண் படச்சுருளில் 12 சதுரப் படங்களைத் தந்தது. பன்னிரண்டே என்பதால் பொங்கலில் தொடங்கிய சுருள் தீபாவளியில் முடிந்த குடும்பங்கள் உண்டு. முடியாமலே நின்றுபோனவையும் உண்டு. உதகையில் 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்னும் பெயரில் சுருள் செய்து விற்றது. அந்நிறுவனம் இன்று இல்லை. அந்தச் சுருள் எந்த வீட்டுப் பெட்டிக்குள்ளாவது இருக்கலாம்.

பாதுகாப்பு என்று கருதிப் போடப்படும் தோலுறையே கேமராவுக்குப் பகையாகிறது என்பதையும் சொல்லவேண்டும். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் வில்லையின் மீது பூஞ்சை படர்ந்து, அது சுரக்கும் அமிலம் கண்ணாடியையே அரித்துவிடுகின்றது. உள்ளேயே விடப்பட்ட மின்கலம் கசிந்து, செப்புத் தகடுகளில் பச்சை பூக்கின்றது. போற்றி வைத்தோம் என்ற எண்ணத்தில் அழிய விடுவது, ஏட்டுச்சுவடிகள் விஷயத்தில் இந்நாட்டார் முன்பே செய்து பழகியதுதான்.

தமிழில் படச்சுருளைக் 'கழுவுதல்' என்பர். பாத்திரத்திற்கும் படத்திற்கும் ஒரே வினைச்சொல். அகராதி செய்தோர் கூட்டிய சொல்லன்று இது. ஸ்டுடியோக்காரர்களும் அவர்களிடம் சுருள் கொடுத்தவர்களும் வழங்கியது. இருட்டறைத் தொட்டியில் நடந்த வேலைக்குச் சமையலறைச் சொல் வாய்த்தது பொருத்தமே. 'கழித்தல்' அதற்கு ஈரெழுத்துத் தொலைவில் நிற்கின்றது; போகியன்று இவ்விரண்டில் எது முந்துகின்றது என்பதே கேள்வி.

சிகாகோவில் விவியன் மேயர் என்ற பெண்மணியின் பொருள்கள், வாடகை செலுத்தப்படாத சேமிப்பறையிலிருந்து 2007இல் ஏலத்திற்கு வந்தன. பிறர் வீட்டுக் குழந்தைகளை வளர்ப்பது அவர் தொழில். குழந்தைகளை வெளியே அழைத்துச் செல்லும் வேளைகளிலும் அவர் கையில் கேமரா இருந்தது. இலட்சத்திற்கும் மேற்பட்ட படங்கள். கழுவப்படாத சுருள்களே பல நூறு. 2009இல் அவர் மறைந்தார். உலகம் அவரை அறிந்தது அதன் பின்னரே. ஏலம் எடுக்க எவரும் வாராதிருந்தால் அவை குப்பைக்கே போயிருக்கும். வீட்டு வேலைக்கும் கலைக்கும் இடையே சுவர் எழுப்பும் திறனாய்வாளர் இந்த வாழ்க்கையை எந்தப் பக்கத்தில் வைப்பர் என்பது தெரியவில்லை.

தமிழ் வீடுகளில் பெரும்பாலும் கேமரா ஆணின் கையில் இருந்தது; பரண் பெண்ணின் பொறுப்பில் விடப்பட்டது. படம் எடுத்தவர் மறைந்த பின், பழைய இரும்புக்காரர் தெருமுனையில் குரல் கொடுக்கும்போது முடிவு செய்யவேண்டியவளும் அவளே. உறவினர் எல்லாரும் வைத்திருக்கச் சொல்வர். தம் வீட்டில் வைத்துக்கொள்ள முன்வருபவர் இலர்.

பெட்டியைக் கொடுப்பதா வேண்டாவா என்பதற்கு முன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பின்புறச் சிவப்புச் சாளரத்தில் எண் தெரிந்தால் உள்ளே சுருள் இருக்கின்றது. மூடியைத் திறக்கலாகாது, தாள் முடியும் வரை திருகிச் சுற்றியபின், வெயிலில்லா இடத்தில் எடுத்து, கழுவுவோரிடம் சேர்க்கவேண்டும். பெருநகரங்களில் அத்தகையோர் இன்னும் சிலர் உள்ளனர். கறுப்பு வெள்ளைச் சுருளானால் நம்பிக்கை சற்றுக் கூடுதல். வருவது வெறும் சாம்பல் மூட்டமாக இருக்கலாம். வாசலில் குனிந்து கோலமிடும் ஒருத்தியின் முதுகாகவும் இருக்கலாம்.