தோட்டத்துச் சந்தியும் வராத பேருந்தும்



சாலை விபத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள், "பார்த்துப் போங்கள், வேகமாகப் போகாதீர்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். அந்தப் புத்திமதியை நீங்கள் எத்தனையோ முறை கேட்டுவிட்டீர்கள். ஆகையால் இன்று கொஞ்சம் பின்னோக்கிப் போய், தோட்டத்துப் பிள்ளை ஏன் மோட்டார் சைக்கிளில் ஏறினான் என்பதிலிருந்து தொடங்குவோம்.

மலேசியாவில், பெருந்தொற்றுக் காலத்தைத் தள்ளிவிட்டால், ஆண்டுக்கு ஏறக்குறைய 6,000 பேர் சாலையில் உயிரிழக்கிறார்கள். 2019ஆம் ஆண்டில் இறந்தவர்கள் 6,167 பேர். இவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஓட்டியவர்களும் பின்னால் உட்கார்ந்து போனவர்களும் இதில் அடக்கம். பேருந்தில் பயணம் செய்து இறப்பவர்கள் இவர்களோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். 2013ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கெந்திங் மலைப் பாதையில் பேருந்து கவிழ்ந்து 37 பேர் மாண்டார்கள். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் கிரிக் அருகே பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் மாண்டார்கள். நாடே துக்கம் கொண்டாடியது. ஆனால் ஒருவர் இருவராக, அதிகாலை இருட்டில் தோட்டத்துச் சந்தியில் அடிபட்டு இறப்பவர்களுக்குப் பத்திரிகையில் நான்கு வரிதான் கிடைக்கிறது.

அப்படியானால் எல்லோரும் பேருந்தில் போகலாமே என்று கேட்கத் தோன்றும். எந்தப் பேருந்தில்?

பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தோட்டத்திலிருந்து செம்மண் சாலையில் இரண்டு மூன்று மைல் நடந்து பெரிய சாலைக்கு வந்தால், மரத்தடியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம். மணிக்கொரு பஸ் வரும். சில வழிகளில் இரண்டு மணிக்கொன்று வரும். சம்பளத்துக்கு மறுநாள் அதில் ஏற இடமே இருக்காது. பிறகு மோட்டார் சைக்கிள் தவணைக்குக் கிடைக்கத் தொடங்கியது. ஒரு வீட்டில் ஒன்று வந்தது. அடுத்த வீட்டிலும் வந்தது. பஸ்ஸில் ஏறும் ஆள் குறைந்தது. ஆள் குறைந்ததால் கம்பெனி நடையைக் குறைத்தது. நடை குறைந்ததால், அதுவரை பஸ்ஸை நம்பியிருந்தவரும் கடன் வாங்கி மோட்டார் சைக்கிள் வாங்கினார். இன்று நாட்டில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் ஏறக்குறைய பாதி மோட்டார் சைக்கிள்களே. இது யாரோ ஒருவருடைய பேராசையால் வந்ததல்ல. டிக்கெட்டு வசூலை மட்டும் நம்பி ஓடும் பஸ், ஆள் இல்லாத இடத்துக்கு எதற்கு வரும்?

அரசாங்கம் இதை அறியாமல் இல்லை. 2010ஆம் ஆண்டில் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டம் வந்து, அதற்கென ஓர் ஆணையம் அமைந்தது. 2019ஆம் ஆண்டில் அந்த ஆணையம் கலைக்கப்பட்டு, அதன் வேலை போக்குவரத்து அமைச்சின் கீழ் சென்றது. இடையில், 2015ஆம் ஆண்டில் ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது. சிரம்பான், ஈப்போ, கங்கார், கோலத் திரெங்கானு ஆகிய நகரங்களில் பஸ் கம்பெனிக்குப் பணம் கொடுக்கும் முறையையே மாற்றினார்கள். பஸ் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைக் கணக்கிட்டு, ஒப்பந்தப்படி அரசாங்கமே பணம் கொடுக்கிறது.

இதில் என்ன பெரிய விசேஷம் என்று நினைக்கலாம். டிக்கெட்டுதான் வருமானம் என்றால், டிரைவர் ஆள் நிறையும்வரை நிலையத்தில் நிற்பார். பிறகு முன்னே போகும் பஸ்ஸை முந்திக்கொண்டு ஆள் பிடிக்க ஓடுவார். ஓடிய தூரத்துக்குச் சம்பளம் என்றால், பத்துப் பேர் இருந்தாலும் ஒருவரும் இல்லாவிட்டாலும் குறித்த நேரத்துக்குப் புறப்பட்டாக வேண்டும். துரத்தல் இல்லை, காத்திருத்தலும் இல்லை. விபத்தைக் குறைக்கும் திட்டம் என்று இதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் தலைக்கவசச் சட்டத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல என்பது என் அபிப்பிராயம். பஸ்ஸில் ஏறிய பிள்ளை அன்றைக்கு மோட்டார் சைக்கிளில் ஏறவில்லை அல்லவா?

குறை என்னவென்றால், இந்தத் திட்டங்கள் நகரத்தைச் சுற்றியே முதலில் வருகின்றன. தோட்டத்துச் சந்திக்குத் தாமாக வந்து சேரா. கேட்க வேண்டும். கேட்பதிலும் முறை இருக்கிறது. "எங்களுக்குப் பஸ் வேண்டும்" என்று ஒரு வரி எழுதினால் அது கோப்பில் தூங்கும். இந்தத் தோட்டத்திலும் பக்கத்துத் தாமானிலும் இத்தனை குடும்பங்கள், இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இத்தனை பேர், அவர்கள் புறப்படும் மணி இன்னது, திரும்பும் மணி இன்னது, மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போகும் முதியவர்கள் இத்தனை பேர் என்று எண்ணி எழுதுங்கள். தொழிற்சங்கக் கிளை, பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் நிர்வாகம் மூன்றும் சேர்ந்து கையெழுத்திட்டுப் போக்குவரத்து அமைச்சுக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். திருவிழாவுக்கு வீடு வீடாகப் பட்டியல் எடுக்கத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியமல்ல.

பஸ் வரும்வரை மோட்டார் சைக்கிள்தான் கதி. ஆகவே அதைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தலைக்கவசம் 1973ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். இருந்தும், வாரைப் பூட்டாமல் தொப்பிபோல் கவிழ்த்துக்கொண்டு போவதைப் பார்க்கிறோம். விழும் வேகத்தில் முதலில் பறப்பது பூட்டாத கவசம்தான். தலை அதற்குப் பிறகு தரையில் மோதும். வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பகலிலும் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டும் என்ற விதி 1992ஆம் ஆண்டில் வந்தது. வெயிலில் விளக்கா என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு. எதிரே வரும் லோரிக்காரர் கண்ணில் மெல்லிய மோட்டார் சைக்கிள் படுவதில்லை, விளக்கு படுகிறது. காரணம் அவ்வளவுதான். பிரட்டுக்கு ஐந்தரை மணிக்குப் போகிறவர்களுக்கு முன்விளக்கைப் போலவே பின்விளக்கும் முக்கியம். செம்பனைக் காட்டுச் சேறு பின்விளக்கை மூடியிருந்தால், பின்னால் வருகிறவருக்கு அங்கே ஒரு வண்டி இருப்பதே தெரியாது. துடைக்க ஒரு துணி போதும்.

தாய்மார்களிடம் தனியாக ஒரு வார்த்தை. தோட்டத்துச் சாலையில் பன்னிரண்டு வயதுப் பையன் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் யாரும் நிறுத்துவதில்லை. கடைக்குப் போய்ச் சீனி வாங்கி வா என்று நாமே சாவியைக் கொடுக்கிறோம். அவன் கற்றுக்கொள்வது வண்டி ஓட்ட மட்டும்தான். சந்தியில் நிற்க, எதிரே வரும் காரின் வேகத்தைக் கணிக்க அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒருநாள் அவன் அந்தச் சந்தியைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறுவான். மோட்டார் சைக்கிள் லைசென்ஸுக்குக் குறைந்த வயது 16. லைசென்ஸ் இல்லாதவரைச் சாலையில் வண்டி ஓட்ட அனுமதிப்பதும் 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். சாவியைக் கொடுத்த தகப்பனாருக்கும் சம்மன் வரும். லைசென்ஸ் எடுக்கப் பணமில்லை என்பது உண்மையான கஷ்டந்தான். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள் கட்டணமின்றி மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுக்க அண்மை ஆண்டுகளில் அரசாங்கம் 'மைலைசென்' என்ற திட்டத்தை நடத்தியிருக்கிறது. வாய்ப்பு எப்போது திறக்கிறது என்று சாலைப் போக்குவரத்து இலாகாவில் விசாரியுங்கள்.

கடைசியாக, பலர் அறியாத ஒன்று. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ வேலை முடிந்து திரும்பும் வழியிலோ விபத்து நேர்ந்தால், சொக்சோ சட்டப்படி அது வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதப்படும். மருத்துவர் குறைந்தது நான்கு நாள் விடுப்புக் கொடுத்திருந்தால், கணக்கிட்ட நாள் சம்பளத்தில் நூற்றுக்கு 80 பங்கு கிடைக்கும். தொழிலாளி இறந்துவிட்டால் நூற்றுக்கு 90 பங்கு என்ற கணக்கில் குடும்பத்துக்கு உதவித்தொகை வரும். அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. ஆனால் வேலை முடிந்து நேரே வராமல், சொந்தக் காரியமாக வேறு வழியில் திரும்பிப் போய் அங்கே விபத்து நேர்ந்தால் இந்த உரிமை போய்விடும். கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, திருமணத்தைப் பதிவு செய்யாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1982ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலிருந்து பதிவு கட்டாயம். பத்திரம் இல்லாத மனைவி, கணவனை இழந்த துக்கத்தோடு தன்னை மனைவி என்று நிரூபிக்கவும் அலைய நேரிடும்.

விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்யுங்கள். நேரம், இடம், எங்கிருந்து எங்கே போனார் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். "டவுனுக்குப் போனார்" என்று எழுதவிட்டுவிடாதீர்கள். தோட்ட ஆபீசுக்கும் உடனே தெரிவியுங்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். கிராணி மறந்துவிட்டால் நீங்களே போய்க் கேளுங்கள். வீட்டிலிருந்து வேலை இடத்துக்குப் போகும் வழியைக் காட்டும் வரைபடம் ஒன்றும் கேட்பார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்தால் கால் மணி நேரத்தில் வரைந்து கொடுத்துவிடும். லயத்திலிருந்து பிரட்டுக் களம், அங்கிருந்து வெளிக்காடு, நடுவில் அந்தச் சந்தி. வரைந்ததைப் பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் பிஸ்கட் டின்னிலேயே போட்டு வைக்கலாம்.