எதிர்பார்த்ததுதானே

(ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டாங்க. புதுசா எங்கிட்ட ஒண்ணும் இல்ல. ரெண்டு வருஷமா எழுதல. ஏன் எழுதலங்கிறதப் பேசுறேன்னு சொன்னேன், ஒத்துக்கிட்டாங்க.

'எவன் வந்தா என்ன?' இதுதான் எனக்கு வந்த நோய். ஒரு நாளில் வந்ததல்ல. மேலவளவு தனி ஊராட்சியானபோது அதன் தலைவராகத் தேர்வான முருகேசனும் இன்னும் ஆறு பேரும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அப்போது நான் சின்னப் பையன். வீட்டில் பேசக் கேட்டே வளர்ந்தேன். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் மூவரை 2008இல் அண்ணா பிறந்த நாளையொட்டி விட்டார்கள். 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டைச் சொல்லி 13 பேரை விட்டார்கள். ஆண்ட கட்சி வேறு வேறு. திறந்த கதவு ஒன்று.

2019இல் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஆத்திரம் வரல. 'எதிர்பார்த்ததுதானே' என்றேன். அப்படிச் சொல்வதில் ஒரு பெருமைகூட இருந்தது. ஏமாறாதவன் என்ற பெருமை.

எங்கள் கிளையில் ஓர் ஊராட்சியின் கணக்கு இருந்தது. தலைவர் பதவி நம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. செக்கில் தலைவர், துணைத்தலைவர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. துணைத்தலைவர் ஊர்த்தெருக்காரர். அவர் மேனேஜர் அறையில் உட்காருவார். அந்த அக்கா வாசல் ஓரம் நிற்பார். செக் புத்தகம் அவர் பையில். அக்காவின் கையெழுத்து முன்கூட்டியே வாங்கப்பட்டிருக்கும். ரெண்டு கையெழுத்தும் சரியா இருக்கும், நான் பணத்தை எண்ணிக் கொடுப்பேன். பொம்மைத் தலைவர் என்று மனசுக்குள் சிரித்தேன். அதையே கவிதையாக்கினேன், நண்பர்கள் பாராட்டினார்கள். அதுதான் நான் கடைசியாக எழுதியது.

ஒருநாள் அக்கா தனியா வந்தாங்க.

"தம்பி, எங்க ஊராட்சிக் கணக்குல என்ன இருக்குன்னு நான் கேக்கலாமா?"

"தாராளமா கேக்கலாம்க்கா. நீங்கதானே தலைவர்."

"இத ஏன் தம்பி இத்தனை நாளாச் சொல்லல?"

எனக்குப் பதில் வரல. ரெண்டு வருஷம் என் கண் முன்னால நின்னாங்க. கேலி பண்ணத் தெரிஞ்ச எனக்கு, ஒரு வார்த்தை சொல்லத் தெரியல.

கணக்கு விவரத்தை எடுத்துக் கொடுத்தேன். வரி வரியா வாசிக்கச் சொல்லிக் கேட்டாங்க. அடுத்த மாசம், தங்கள் தெருவுக்குப் போடாத குழாய்க்கு வந்த செக்கில் கையெழுத்துப் போட மறுத்துட்டாங்க. ஊர்க்கடையில் சாமான் தரல. மகனைத் தோட்ட வேலையிலிருந்து நிறுத்தினாங்க. அப்பவும் போடல.

தோழர்களே, 'அரசியல் சாக்கடை' என்று நான் டீக்கடையில் சொல்லும்போதெல்லாம் அந்தத் துணைத்தலைவரும் தலையாட்டுவார். என் விரக்தியால் அவருக்கு என்ன நஷ்டம்? சாக்கடை என்று மூக்கைப் பொத்துகிறவன் எவனும் அதில் இறங்கியதில்லை. இறங்கிச் சாகிறவன் நம்மாள்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996லிருந்து 10 வருஷம் நம்மவர் தலைவராக உட்கார முடியல. தேர்தலே நடக்காது, நடந்தா ஜெயிச்ச கையோட ராஜினாமா. 2006இல்தான் உட்கார்ந்தார்கள். 'எவன் வந்தா என்ன'ன்னு எல்லாரும் என்னை மாதிரி இருந்திருந்தா அந்த நாற்காலி இன்னைக்கும் காலியாத்தான் கிடந்திருக்கும். கௌண்டருக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பதும் யாரோ சலிக்காமல் சண்டை போட்டு வாங்கியதுதான்.

எந்தக் கட்சியையும் நம்பச் சொல்ல நான் வரல. எனக்கே இன்னும் நம்பிக்கை வரல. ஆனா அந்தக் கணக்குத் தாளை எடுத்துக் கொடுக்க நம்பிக்கை தேவைப்படல. அது என் மேசையிலேயே இருந்தது. உங்க மேசையில என்ன இருக்குன்னு பாருங்க.