சோற்று உலையும் கொல்லன் உலையும்



தொழிற்சொற்களைப் பற்றிய கருத்தரங்கு இது. பொதுவாகப் பேசுவதைவிட ஒரே சொல்லைக் கையில் எடுத்துக்கொள்கிறேன்: உலை.

"உலை கொதிச்சிருச்சா?" என்று வீட்டில் கேட்கிறோம். அந்த உலை அடுப்பும் அன்று, பானையும் அன்று. களைந்த அரிசிக்காகக் கொதிக்கும் தண்ணீர். அதே சொல் கொல்லுப்பட்டறையில் கரி கனலும் குழியைக் குறிக்கிறது. ஒன்றில் நீர், மற்றதில் நெருப்பு. அகராதிகள் இரண்டுக்கும் எண் போட்டு அடுத்தடுத்து வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகின்றன.

வழக்கில் இரண்டுமே பழையவை. புறநானூற்றின் 172ஆம் பாட்டு, உலையை ஏற்றச் சொல்லித் தொடங்குகிறது. அது சோற்று உலை. குறுந்தொகையிலும் 172ஆம் பாட்டில்தான் கொல்லன் உலை வருகிறது. ஏழு ஊர்களின் வேலைக்கு ஓர் ஊரில் ஒரு பட்டறை. அங்கே துருத்திக்கு ஓய்வே இல்லை. தன் நெஞ்சும் அப்படித்தான் வருந்துகிறது என்கிறாள் தலைவி. பாடியவர் கச்சிப்பேட்டு நன்னாகையார். துருத்திக்கு அவர் ஆளும் பெயர் மிதிதோல். காலால் மிதித்துக் காற்றூட்டும் தோல் என்று கருவியின் இயக்கமே பெயராக நிற்கிறது. பட்டறையைப் பக்கத்தில் நின்று பார்த்தவரின் சொல் அது.

அண்டை மொழிகளுக்குப் போனால் மலையாளத்தின் 'உல' கொல்லனிடமும், கன்னடத்தின் 'ஒலெ' சமையலறையிலும் நிற்கின்றன. தமிழ் இரண்டையும் விடவில்லை. கொல்லன் உலைக்குக் கன்னடத்தில் குலுமெ, தெலுங்கில் கொலிமி என்று வேறு பெயர்கள் உண்டு. அவை நம் 'கொல்', 'கொல்லன்' ஆகியவற்றின் உறவு. நீலகிரிக் கோத்தர் மொழியில் அந்தக் குடும்பத்துச் சொல் ஒன்று பட்டறையையும் குறிக்கும், ஊர்க் கோயிலையும் குறிக்கும். பரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் 1984ஆம் ஆண்டுப் பதிப்பில் இதைக் காணலாம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும் பதிவு.

நீரையும் நெருப்பையும் ஒரே பெயரில் சேர்த்தது எது? சிறுவயதில் எங்கள் ஊர்ப் பட்டறையில் துருத்தி இழுக்க நின்றிருக்கிறேன். கொல்லர் அரிவாளை உலைக்குள் செருகிவிட்டு அதன் நிறத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார். செம்மை மாறி மஞ்சள் ஏறும் நேரத்தில் குறடு உள்ளே போகும். கேட்டால் ஒரே பதில்: "பதம் வந்துருச்சு." வீட்டுக்கு வந்தால் அம்மா கரண்டியில் நாலு பருக்கை எடுத்து நசுக்கிப் பார்த்து அதே சொல்லைச் சொல்வாள். பொருள் பதத்துக்கு வருமாறு சூட்டைப் பேணும் இடமே உலை என்பது என் துணிபு.

அதனால்தான் அந்தச் சொல்லால் புதியதையும் தாங்க முடிந்தது. தாது உருக்குவதற்கு ஊது உலை வந்தது. 'ரியாக்டர்' என்பதை 'வினை புரிவது' என்று நேர்ச்சொல்லாக்காமல் அணு உலை என்றோம். எரிப்பதைவிட மிகுதியாக எரிபொருள் உண்டாக்கும் வகைக்கு ஈனுலை என்று பெயர் வைத்தோம். கல்பாக்கத்தில் 1985இல் இயங்கத் தொடங்கிய வேகச் சோதனை உலை அந்த வகை. மாடு கன்று ஈனுவதற்குச் சொல்லும் வினையை அணுவுக்குக் கொடுத்தவர் யாராயினும் அவரை வணங்குகிறேன்.

இன்று வாசிக்கவிருக்கும் கட்டுரைகளின் சுருக்கங்களைப் படித்தேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் பெரும்பாலானவை அகராதியில் தொடங்கி அகராதியிலேயே முடிகின்றன. பட்டறைகளில் துருத்தி போய் புளோயர் வந்துவிட்டது. துருத்தியின் உறுப்புகளுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் முதியவர்கள். அடுத்த கட்டுரை எழுதுமுன் ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு பட்டறைக்குப் போய் உட்காருங்கள் என்று மாணவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஒன்று மிச்சமிருக்கிறது. "என் பிழைப்புக்கு உலை வைத்துவிட்டான்" என்கிறோமே, சோறு போடும் உலை அங்கே கேடாக மாறியது எப்படி? நிலைகுலைதலைக் குறிக்கும் 'உலைதல்' என்ற வினையின் சாயல் அதில் படிந்திருக்கிறது என்று கருதுகிறேன். உறுதியான சான்று என்னிடம் இல்லை. மறுக்க விரும்புவோர் மாலை அமர்வுக்குச் சான்றோடு வாருங்கள், காத்திருப்பேன். இப்போது முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.