பெயர் சொல்லி அழைத்தவர்



2004 கடற்கோளின் பின் வந்த உயிர்ப்பு ஞாயிறன்று, ஓய்வுநாட் பாடசாலையில் ஒரு சிறுமி கேட்டாள்: "ரீச்சர், இயேசு மூன்றாம் நாள் எழும்பினார். என்ர அம்மா ஏன் எழும்பேல்லை?"

ஆயத்தம் செய்த பாடத்தை மூடிவைத்தேன். யோவான் 20ஆம் அதிகாரத்தைச் சொன்னேன். கல்லறையருகே அழுதுகொண்டிருந்த மகதலேனா மரியாள் ஆண்டவரைத் தோட்டக்காரர் என்றே எண்ணினாள். அவர் பெயர் சொல்லி அழைத்தபோதுதான் அறிந்துகொண்டாள்.

"அம்மாவின்ர பெயரும் அவருக்குத் தெரியும்" என்றேன்.

பிள்ளைகளின் கண்ணீரை அடக்கிவிட்டு உயிர்த்தெழுதலைக் கற்பிக்க வேண்டாம். அழுதவளிடமே அவர் வந்தார். அவளையே சீஷரிடம் செய்தி சொல்ல அனுப்பினார்.

அடுத்த கிழமை, புதிதாக வந்து அழுத பிள்ளையொன்றின் பெயரைக் கேட்டு, அச்சிறுமி தன் பக்கத்தில் இருத்தினாள். சீஷத்துவத்தை நான் அவளிடம் கற்றேன்.