இரணியன் வீட்டுப் பிள்ளைகளுக்கு யார் கதை சொல்வது?

(ஒரகடத்தில் இளம் தொழிலாளர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.யை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2025 ஜூலையில் 'மகாவதார் நரசிம்மா' என்ற அனிமேஷன் படம் வந்தது. அஸ்வின் குமார் இயக்கம். தமிழிலும் ஓடியது. இந்திய அனிமேஷன் படங்களிலேயே அதிகம் வசூலித்தது இதுதான். உங்களில் பலர் அக்கா பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டியிருப்பீர்கள். கடைசியில் இரணியனை மடியில் கிடத்தி வயிற்றைக் கிழிக்கும்போது பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அவன் அசுரன். பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே போதுமானதாக இருக்கிறது.

கதை நமக்குப் பழையது. இந்தச் சாலையிலேயே போனால் வரும் சிங்கப்பெருமாள்கோயிலுக்குப் பெயர் கொடுத்ததே நரசிம்மர் கோயில்தான். கதையை எதிர்த்துக் கேட்ட கேள்வியும் பழையது. ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி'யில் அவதாரக் கதைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். இரணியன் இந்த மண்ணின் அரசன், பிரகலாதன் தகப்பனுக்கு எதிராகத் திருப்பப்பட்ட பிள்ளை, நரசிம்மன் சிங்க வேடம் போட்டு ஒளிந்திருந்து கொன்றவன் என்றார். இங்கே பாரதிதாசனின் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' 1934இல் மேடையேறியது. 1948இல் அரசு அதைத் தடை செய்தது. கொல்லப்பட்டவன் பக்கம் நின்று கதை சொன்னதுதான் குற்றம்.

புராணத்துக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். ஜார்க்கண்டில் அசுர் என்ற பழங்குடி மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். மகிஷாசுரனைத் தங்கள் மூதாதை என்கிறார்கள். மற்றவர்கள் துர்கா பூஜை கொண்டாடும்போது இவர்கள் துக்கம் காக்கிறார்கள். கல்லை உருக்கி இரும்பு எடுப்பது இவர்களின் பரம்பரைத் தொழில். கார் கம்பெனிகள் நிறைந்த ஒரகடத்தில் இருந்துகொண்டு இதை யோசித்துப் பாருங்கள். இரும்பு செய்தவனின் பெயர் கதையில் அரக்கனுக்குப் போய்விட்டது. நம் லைனில் ஜார்க்கண்ட் தோழர்களும் நிற்கிறார்கள்.

2037 வரை அவதாரப் படங்களை வரிசையாக அறிவித்திருக்கிறார்கள். அடுத்தது 2027இல் பரசுராமர். அவர் சிரஞ்சீவி என்கிறார்களே, இருந்தால் நேரில் வரட்டும் என்று 'குலாம்கிரி'யிலேயே புலே நோட்டீஸ் விட்டிருக்கிறார். இப்போது கிராபிக்ஸில் வரப்போகிறார். ஒரு தலைமுறையே இதைப் பார்த்து வளரும்.

படத்தைத் தடை செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. நம் கதைகளை நாம் சொல்ல வேண்டும் என்கிறேன். ஆரியமாலையைக் காதலித்ததற்காகக் கழுவேற்றப்பட்டவன் காத்தவராயன். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் மதுரை வீரன். கொன்ற பிறகு இருவரையும் சாமியாக்கிக் கும்பிடுகிறோம்.

ஆனால் அங்கேயும் கவனம் வேண்டும். அருந்ததியர் வீட்டில் வளர்ந்த மதுரை வீரனுக்கு, காசி ராஜாவின் மகன் என்று ஒரு பிறப்புக் கதை இருக்கிறது. வீரத்துக்கு ராஜ ரத்தம் வேண்டும் என்று நினைத்தவர்கள் ஒட்டவைத்தது அது என்பதே என் வாசிப்பு. நாளை யாராவது அவனை அனிமேஷனில் வரைந்தால் அந்த ராஜ கிரீடத்தோடுதான் வரைவார்கள். சாதியைக் கழுவிவிட்டு வாளை மட்டும் வைத்துக்கொள்வார்கள்.

உங்களில் டிசைன் படித்தவர்கள் இருக்கிறீர்கள். போனிலேயே படம் வரைகிற தங்கைகளும் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு ஊர்ச்சாமியின் கதையைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். அந்தச் சாமியைக் கொன்றது யார், எதற்காகக் கொன்றார்கள் என்பதையும் ஆயாவிடம் மறக்காமல் கேளுங்கள். அங்கிருந்து வரையத் தொடங்குவோம்.

ஜெய்பீம்.